சுண்ணக்கல் நீரும் வீட்டுத் தடாகமும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் சிறிது தூரம் சென்றதும் எதிர்ப்படும் திருநெல்வேலி என்னும் ஊர், தன் சந்தையாலும் செம்மண் தோட்டங்களாலும் நெடுநாளாகப் பெயர்பெற்றிருந்து, 1921ஆம் ஆண்டில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியாலும், அதே வளவில் 1974இல் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக விரிந்த வளாகத்தாலும் கல்விக்கும் இருப்பிடமாயிற்று. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில் இவ்வூரைத் தாங்கி நிற்பது நிலத்தடி நீரே. துலா மிதித்து இறைத்த காலத்திலும், மின்சாரப் பம்பினால் இறைக்கும் இக்காலத்திலும், குடிப்பதற்கும் குளிப்பதற்கும் வெங்காயப் பாத்திக்கும் கிணற்றையன்றி வேறு கதி இல்லை.

தோட்டக் கிணற்றடித் தொட்டியில் நீர் நிரப்பிக் குதித்து விளையாடுவது முன்னைய தலைமுறைச் சிறுவர்களுக்குக் கிடைத்த நீச்சல் இன்பம். அண்மைக் காலத்தில், கனடாவிலும் இங்கிலாந்திலும் சுவிற்சர்லாந்திலும் குடியேறியவர்கள் பூர்வீக வீடுகளைப் புதுப்பிக்கும்போது, விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்காக வளவிலேயே நீச்சல் தடாகம் அமைப்பதும் குடாநாட்டில் வழக்கமாகி வருகிறது. நீல ஓடு பதித்த தடாகத்தில் கிணற்று நீரை நிரப்பிய முதல் நாள், அடித்தளத்தின் ஒவ்வோர் ஓடும் தனித்தனியே தெரியும். அந்த நீரே சில நாட்களில், அழுக்கு எதுவும் விழாதிருந்தும், பால் சிந்தினாற்போல் வெளிறிக் கலங்கிவிடும்போது வீட்டுக்காரர் திகைத்துப்போகிறார். கிருமிதான் காரணமென்று எண்ணிக் குளோரின் தூளை அள்ளி இடுகிறார், கலக்கம் கூடுகிறது. சலித்துப்போய் முழு நீரையும் வெளியேற்றிவிட்டு மீண்டும் கிணற்றிலிருந்து நிரப்புகிறார். அடுத்த வாரம் பழைய கதையே. இவ்விரண்டு காரியங்களும் வீண் என்பதோடு, இரண்டாவது காரியம் அயலவருக்கும் தீங்கு என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடாநாடு முழுவதும், புவிச்சரிதவியலார் மயோசீன் என்று கூறும் யுகத்தில் கடலடியில் படிந்த சுண்ணக்கல்லின்மேல் அமைந்துள்ளது. மாரி மழை செம்மண்ணினூடே கீழிறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் காபனீரொட்சைட்டை ஏற்று மெல்லிய அமிலமாகி, கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து, கல்சியம் இருகாபனேற்று என்னும் உப்பாகத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. கரைந்துள்ள வாயு நீரில் இருக்கும் வரையில்தான் இந்தக் கல்லும் கண்ணுக்குப் புலனாகாமல் கரைந்திருக்கும். நீரை மேலே இறைத்து, அகன்ற தடாகத்தில் பரப்பி, வெயிலில் காயவிட்டு, பம்பினால் ஓயாது சுழற்றும்போது வாயு வெளியேறுகிறது, நீரின் காரத்தன்மை ஏறுகிறது, சூடும் கூடுகிறது, இந்த நிலையில் கல் மறுபடியும் கல்லாகி, கண்ணுக்குத் தனித்துத் தெரியாத வெண்துகள்களாக நீரெங்கும் மிதக்கிறது. யாழ்ப்பாணத்துச் சமையலறைக் கேத்தலின் உட்புறத்தில் படியும் வெள்ளைப் பொருக்கும், தடாகத்தைப் பாலாக்கும் இந்தத் துகளும் ஒரே பொருளே. ஒரு நீர் கல்லைக் கரைக்குமா, கல்லைப் படியவிடுமா என்பதைக் காரத்தன்மை, கல்சியத்தின் அளவு, வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு முன்கூட்டியே கணக்கிடும் முறையை 1936ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து லாங்கெலியர் வகுத்துத் தந்தார். உலகெங்கும் தடாகங்களைப் பராமரிப்போர் இன்றும் அக்கணக்கையே பின்பற்றுகின்றனர்.

குளோரின் தூளை அள்ளியிட்டதும் கலக்கம் ஏன் கூடியது என்பது இப்போது விளங்கும். கிணறுகளுக்கு இடப்படும் வெளிற்றும் தூளில் கரையாத சுண்ணாம்பு மிகுதி. அதனாற்றான் அனுபவம் உள்ளவர்கள் அதை வாளியில் கரைத்து, மண்டி அடியில் தங்கியபின் மேலே தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்றுகிறார்கள். தடாகத்துக்கென விற்கப்படும் கல்சியம் ஐப்போகுளோரைற்றுத் தூளில் மண்டி குறைவாயினும், அதுவும் கல்சியத்தைச் சேர்க்கிறது, காரத்தன்மையையும் உயர்த்துகிறது. போதாக்குறைக்கு, காரத்தன்மை ஏறிய நீரில் குளோரினின் வீரியமும் குன்றுகிறது: காரத்தன்மையைக் காட்டும் பீ.எச். பெறுமானம் 7.5 அளவில் இருக்கும்போது குளோரினில் ஏறக்குறையப் பாதி கிருமிகொல்லும் வடிவில் இருக்க, 8ஐத் தாண்டினால் அது நாலிலொரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மருந்து கூடக் கூட நோயும் கூடுவது இதனால்தான்.

ஆகவே, எதையும் இடுவதற்கு முன்னர், கலக்கத்தின் காரணம் இன்னதென்று நிச்சயிக்கவேண்டும். அதற்கு ஓர் எளிய பரீட்சை உண்டு. கலங்கிய நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் முகந்து, நிறமற்ற வினாகிரி சிறிது விட்டுக் கலக்கிப் பார்க்கவேண்டும். நீர் தெளிந்துவிடுமாயின் மிதந்தது சுண்ணக்கல். தெளியாதாயின் மண்தூளோ பாசியோ வேறு அழுக்கோ என்று கொள்ளலாம். திருநெல்வேலி போன்ற இடத்தில் முதற் காரணமே பெரும்பாலும் குற்றவாளி என்பது என் துணிபு. அத்தகைய கலக்கத்துக்குக் குளோரின் மருந்தாகாது. காரத்தன்மையைக் குறைப்பதே நிவர்த்தி. சிறிதளவு ஐதரோக்குளோரிக்கு அமிலத்தை ஒரு வாளி நீரில் விட்டு நேர்த்து, பம்பு ஓடிக்கொண்டிருக்கையில் தடாகத்தின் ஆழமான பகுதியில் மெல்ல ஊற்றி, நாலைந்து மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து, பீ.எச். பெறுமானத்தை 7.2க்கும் 7.6க்கும் இடையில் நிறுத்தவேண்டும். ஒரே தடவையில் முழுவதையும் கொட்டிவிடும் அவசரம், தடாகத்தின் பூச்சையும் பம்பின் உலோகத்தையும் அரித்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லவேண்டியது என் கடமையாகிறது. அமிலத்தைத்தான் நீரில் விடவேண்டும். நீரை அமிலத்தில் விடலாகாது. அமிலமும் குளோரின் தூளும் ஒரே வாளியிலோ, ஒரே கரண்டியிலோ, ஒரே அலுமாரியிலோ சந்திக்கக் கூடாது. அவை கலந்தால் எழும் வாயு, 1915ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆம் திகதி பெல்ஜியத்து ஈப்ரெசுப் போர்க்களத்தில் ஜெர்மானியப் படை திறந்துவிட்ட அதே குளோரின் வாயுவேயாகும். பூட்டிய சிறு அறையில் ஒரு கரண்டியளவு கலந்தாலும் மூச்சுக்குழல் வெந்துவிடும். வீட்டு வேலைக்கு வந்த பையனிடம் இவ்விரண்டையும் கொடுத்துத் தடாகத்துக்குள் கொட்டிவிடும்படி சொல்லிப் போவது மன்னிக்க முடியாத அசட்டை.

செம்மண் தூளினால் ஏற்படும் கலக்கம் வேறு வகையானது. சோழகக் காற்று வீசும் மாதங்களில் தோட்டத்து மண் பறந்து வந்து விழுவதும், முதல் மழையில் வளவு வெள்ளம் தடாகத்துள் வழிவதும் இதற்குக் காரணம். களிமண் துணிக்கைகள் யாவும் எதிர் மின்னேற்றம் கொண்டவையாதலால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நாட்கணக்கில் மிதக்கும். மணல் வடியினூடேயும் தப்பிப் போய்விடும். அவற்றை ஒன்றுசேர்த்துப் பாரமாக்கி அடியில் தங்கச் செய்யும் உபாயத்தைத் தமிழர் மிகப் பழைய நாளிலேயே அறிந்திருந்தனர். மட்பாண்டத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து ஊற்றுநீரைத் தெளியவைக்கும் பழக்கம், கலித்தொகையில் மனத்தெளிவுக்கு உவமையாக எடுத்தாளப்படும் அளவுக்கு அன்று யாவரும் அறிந்ததாயிருந்தது. அந்தக் கொட்டையிலும் முருங்கை விதையிலும் உள்ள சில சேதனப் பொருள்கள் களித்துணிக்கைகளைப் பற்றி இணைக்கின்றன என்று இக்கால விஞ்ஞானம் விளக்கம் கூறுகிறது. குடத்துக்குப் போதுமான அது தடாகத்துக்குப் போதாது. அங்கே அலுமினியம் சல்பேற்றாகிய படிகாரமே ஏற்றது. எவ்வளவு இடவேண்டும் என்பதை நாலைந்து வாளிகளில் வெவ்வேறு அளவில் கரைத்துப் பார்த்து, எந்த வாளி விரைவில் தெளிகிறதோ அந்த விகிதத்தைக் கைக்கொள்வது புத்தி. படிகாரம் இட்டுக் கலந்தபின் பம்பை நிறுத்தி, ஓர் இரவு முழுவதும் நீரை அசையாது விட்டால், காலையில் அடித்தளத்தில் பஞ்சு போன்ற படலம் படிந்திருக்கும். அதை உறிஞ்சுகுழாயினால் நிதானமாக உறிஞ்சி, வடியினூடாகச் செலுத்தாமல் நேரே வெளியேற்றவேண்டும். இந்த வேலையில் கைப்பதற்றம் கூடாது; படலம் கலைந்தால் இரவு முழுவதும் காத்திருந்தது பயனின்றிப் போகும்.

பச்சை படர்ந்த கலக்கம் பாசியினுடையது. தோட்டத்து உரத்திலிருந்தும் மலசலக் குழிகளிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று, குடாநாட்டின் பல கிணறுகளில், உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. அந்த நீரைத் தடாகத்தில் நிரப்புவது பாசிக்கு எருவிட்டு வளர்ப்பதாகும். இந்தக் கலக்கத்துக்கு மட்டுமே குளோரினை மிகுத்து இடுவது நியாயம். அதையும் முதலில் பீ.எச். பெறுமானத்தைச் சீராக்கிய பின்னர், சூரிய ஒளி குளோரினைச் சிதைத்துவிடுமாதலால் மாலை வேளையில் செய்யவேண்டும். இறந்த பாசி சாம்பல் நிறமாக மிதக்கையில், மருந்து பலிக்கவில்லையென்று மனம் தளரலாகாது. சுவரைத் தேய்த்து, பம்பை இரவு பகலாக ஓடவிட்டால், இரண்டு மூன்று நாட்களில் வடி அதை வாங்கிக்கொள்ளும். வடியின் அழுத்தமானி, சுத்தமாயிருந்தபோது காட்டியதைவிட அரை பார் அளவு ஏறியபின் எதிர்த்திசையில் நீர் செலுத்திக் கழுவினால் போதும். நாள்தோறும் கழுவினால் வடி நன்றாக வேலை செய்யும் என்று பலர் நினைப்பது தவறு. மணலுக்கிடையில் சிறிது அழுக்குத் தங்கியிருக்கும் வடியே நுண்துகளை நன்றாகப் பிடிக்கும்.

நீர் தெளியும் வரை ஒருவரும் தடாகத்தில் இறங்கக் கூடாது. அடித்தளத்து வடிகால் மூடி கரையிலிருந்து தெளிவாகத் தெரியாத தடாகத்தில் ஒரு குழந்தை அமிழ்ந்தால், பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கும் அது தென்படாது. கலங்கிய நீரில் கிருமிகள் துகள்களுக்கிடையே ஒளிந்து குளோரினுக்குத் தப்பிவிடுவதும் உண்டு. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீரினால் ஏறக்குறைய நான்கு இலட்சம் பேர் வயிற்றோட்டத்துக்கு ஆளானதற்கு முன்னறிகுறியாக இருந்தது, சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளிவந்த நீரின் கலக்கம் உயர்ந்ததே.

இனி, நீர் முழுவதையும் வெளியேற்றும் பழக்கத்துக்கு வருவோம். 8 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் சராசரி ஒன்றரை மீற்றர் ஆழமும் கொண்ட சாதாரண வீட்டுத் தடாகம் 48,000 லீற்றர் நீர் கொள்ளும். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் என்று கொண்டால், நால்வர் உள்ள ஒரு குடும்பம் நான்கு மாதம் சீவிப்பதற்குப் போதுமான நீர் அது. குடாநாட்டின் நன்னீர், சுண்ணக்கல்லின் துவாரங்களிலும் வெடிப்புகளிலும், கனத்த கடல் நீரின்மேல் மிதக்கும் ஒரு வில்லையாகவே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் நன்னீர் நிற்கும் என்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கைபெனும், 1901இல் ஹேர்ட்ஸ்பேர்க்கும் கண்ட பொது விதி. அதன் மறுபக்கம் பயங்கரமானது: மேலே ஒரு சாண் குறைந்தால் உவர்நீர் கீழிருந்து பல சாண் ஏறிவிடும். கோடையில் ஒரு வளவில் பம்பு ஓயாது ஓடினால், அடுத்த வளவுக் கிணறு உவராகும் அபாயம் இருக்கிறது. குடாநாட்டின் வடகரையிலுள்ள கீரிமலைக் கேணி நெடுங்காலமாகத் தெளிந்திருப்பது, நிலத்தடியிலிருந்து நன்னீர் ஊறி வந்து, தங்காமல் அருகிலுள்ள கடலை நோக்கிச் செல்வதனால். இயற்கை தானே இறைத்துத் தானே மாற்றும் அந்த ஏற்பாட்டை நாம் பம்பினால் பின்பற்றப் புகுவது முறையன்று. செல்வமும் நிபுணரும் குறைவில்லாத இடத்திலும் நீர் முழுவதையும் வெளியேற்ற நேர்ந்ததுண்டு. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில், குளோரின் இருந்த நீரில் 80 லீற்றர் ஐதரசன் பேரொட்சைட்டை ஊற்றிக் குளோரினின் வீரியத்தைக் கெடுத்துவிட்டபடியால் தடாகங்கள் பச்சையாகின; நீருள் நடனப் போட்டிக்குக் குறித்த நாளுக்குள் ஒரு தடாகத்தைத் தெளியவைக்க வழியின்றி, சுமார் 37 இலட்சம் லீற்றர் நீரை அகற்றி வேறு நீர் நிரப்பினார்கள். போட்டி நாள் நெருங்கியிருந்த அவர்களுக்கு வேறு வழி இல்லை. வீட்டுக்காரருக்கு அப்படியொரு நிர்ப்பந்தம் இல்லை.

சொந்தக்காரர் கடல் கடந்து சென்றபின் பூட்டிய வளவில் பச்சைபூத்துக் கிடக்கும் தடாகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மாரியை அடுத்து மார்கழி, தை மாதங்களில் யாழ்ப்பாணத்தில் டெங்குக் காய்ச்சல் பெருகுகிறது. குளோரின் இல்லாது தேங்கிய தடாகம் நுளம்பு பெருகும் இடமாகிவிடும். பராமரிக்க ஆள் இல்லாதவர் தடாகத்தை இறுக மூடிவிட்டுப் போவது அயலவருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

கல்லின் கலக்கத்துக்கு அமிலம் தற்காலிக நிவர்த்தியே. நீரில் உள்ள கல்சியம் அதனால் குறைவதில்லை. 32 சதுர மீற்றர் பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகுமாயின் 160 லீற்றர் போய்விடும். போவது நீர் மட்டுமே, கல் தடாகத்திலேயே தங்குகிறது. அதை ஈடுசெய்யக் கிணற்று நீரை விடுந்தோறும் மேலும் கல் சேருகிறது. லீற்றருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கடினத்தன்மை ஏறிய நீரை இலேசாக்கும் எளிய வழி மழைநீரைச் சேர்ப்பதே. 150 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 15,000 லீற்றர் கிடைக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை அதைப்போலப் பல மடங்கு. கூரையைக் கழுவிவரும் முதல் மழையை வெளியே விட்டு, பின்வருவதைத் துணி வடியினூடாகத் தடாகத்துக்குத் திருப்பலாம். இடம் வேண்டுமானால் தடாகத்து நீரில் ஒரு பகுதியை, சில நாள் குளோரின் இடாமல் வெயிலில் வைத்து, அதன் நெடி நீங்கியபின் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம். மழைநீரில், பீ.எச். பெறுமானம் திடீரென மாறாமல் தாங்கும் காரச் சேமிப்புக் குறைவாதலால், அதைச் சேர்த்தபின் அப்பச்சோடா கொஞ்சம் இட்டு அதை லீற்றருக்கு 80 மில்லிகிராம் அளவுக்கேனும் உயர்த்தவேண்டும். மாரி ஓய்ந்து தை பிறந்ததும் கடினத்தன்மையை ஒருமுறை அளந்து குறித்து வைத்துக்கொண்டால், வருகிற கோடையில் கிணற்றிலிருந்து எவ்வளவு நீர் சேர்க்கலாம், எப்போது அமிலத்தை நாடவேண்டும் என்பதை முன்னதாகவே கணக்கிட்டுக்கொள்ளலாம்.