வெயில் விழும் அடுப்படிக்கு ஏற்ற தரை எது?

வீடு கட்டுகிறவர்கள் வாசற்கதவுக்கும் கூடத்துத் தரைக்கும் செலவிடும் யோசனையில் பாதியைக்கூட அடுப்படித் தரைக்குச் செலவிடுவதில்லை. கூடத்தில் விலையுயர்ந்த கல்லைப் பதித்த பிறகு கையில் மிஞ்சும் பணத்துக்கு எது கிடைக்கிறதோ அதுவே அடுப்படிக்கு என்று முடிவாகிவிடுகிறது. ஆனால் நம் வீட்டுப் பெண்கள் நாளின் பெரும்பகுதியை வெறுங்காலோடு நின்று கழிக்கும் இடம் அதுதான். தண்ணீரும் எண்ணெயும் புளிக்கரைசலும் மஞ்சளும் சிந்துகிற இடமும் அதுதான். இத்தனையோடு திருச்சிராப்பள்ளி வெயிலும் ஜன்னல் வழியே வந்து விழுமானால், அந்தத் தரையைத் தேர்ந்தெடுப்பதில் சற்று நிதானம் வேண்டும். ஒரு தலைமுறைக்கு ஒருமுறை செய்யும் செலவு அது. தவறினால் பெயர்த்தெடுத்து மீண்டும் பதிக்க எல்லாக் குடும்பங்களாலும் இயலாது.

வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது?

திருச்சியும் ஸ்ரீரங்கமும் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் அமைந்தவை. ஆகவே ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் மாதம் 18ஆம் தேதியை ஒட்டியும் ஆகஸ்ட் மாதம் 25ஆம் தேதியை ஒட்டியும், நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கிறது. இடைப்பட்ட நான்கு மாதங்களில் நண்பகல் வெயில் வடக்குப் பக்கமிருந்து சாய்கிறது. மற்ற எட்டு மாதங்களிலும் தெற்கிலிருந்து சாய்கிறது.

நம் ஊர்க் கொத்தனார்கள் பெரும்பாலும் அடுப்படியைத் தென்கிழக்கு மூலையில்தான் அமைக்கிறார்கள். அப்படிப்பட்ட அடுப்படிக்குக் கிழக்கு ஜன்னல் வழியே காலை வெயிலும், தெற்கு ஜன்னல் வழியே குளிர்கால வெயிலும் வந்து சேரும். தரையிலிருந்து ஏழடி உயரத்தில் ஜன்னலின் மேல் விளிம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டு மணியளவில் சூரியன் தாழ்ந்திருப்பதால் அவ்வொளி அறைக்குள் பன்னிரண்டு அடி தூரம் நீளும். ஒன்பது மணிக்கு ஏழடியாகக் குறையும். மார்கழி மாத நண்பகலிலோ, தெற்கு ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு இல்லாவிட்டால், ஏறத்தாழ ஐந்தடி உள்ளே வந்து விழும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. உச்சி வெயிலைச் சன்ஷேடு தடுத்துவிடும். தாழ்ந்து வரும் காலை வெயிலையும் மாலை வெயிலையும் அதனால் தடுக்க முடியாது. ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறோமே என்று எண்ணுவதும் போதாது. சாதாரணக் கண்ணாடி புறஊதாக் கதிர்களில் ஒரு பகுதியை மட்டுமே தடுக்கிறது. சாயத்தை வெளுக்கச் செய்வதில் பங்குள்ள மற்றொரு பகுதி அதன் வழியே தாராளமாக உள்ளே வந்துவிடுகிறது. எனவே தரையே வெயிலைத் தாங்குவதாக இருக்கவேண்டும்.

சேலை வெளுக்கிறது, ஓடு வெளுப்பதில்லை

நிறம் ஏன் வெளுக்கிறது என்பதைச் சகோதரிகளுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. உறையூர்க் கைத்தறிச் சேலையை மொட்டை மாடியில் காயப்போடும்போது உட்புறத்தை வெளியே திருப்பி, நிழலாகப் பார்த்துப் போடுகிறோம். துணிச்சாயத்தின் நுண்ணிய மூலக்கூறுகளை வெயிலிலுள்ள கதிர்கள் உடைத்துவிடுகின்றன என்பதே காரணம். வெள்ளைத் துணியில் பட்ட மஞ்சள் கறை இரண்டு நாள் வெயிலில் மறைந்துபோவதும் இதே விதிப்படிதான்.

ஆனால் அதே மாடியை ஒட்டிய கூரையில் ஐம்பது ஆண்டுகளாக வெயிலில் கிடக்கும் ஓட்டைப் பாருங்கள். மேலே பாசி படிந்து கறுத்திருக்கலாம். ஒரு துண்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே அதே செந்நிறம். களிமண்ணிலிருந்த இரும்பு, சூளையின் நெருப்பில் காற்றோடு கலந்து அந்தச் சிவப்பைத் தந்தது. முழுவதும் துருவாகிவிட்ட இரும்பை வெயில் மேற்கொண்டு என்ன செய்துவிட முடியும்?

தரையைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு விதி போதும். மண்ணிலிருந்தோ கல்லிலிருந்தோ பிறந்து, பொருளின் உடலோடு ஒன்றிய நிறம் வெயிலுக்கு அஞ்சாது. மேலே பூசியதும், பிளாஸ்டிக்கில் கலந்ததும், துணிச்சாயம் போன்றதுமான நிறம் நிலைக்காது.

நம் பாட்டனார் வீட்டுத் தரை

பாலக்கரை, தென்னூர், உறையூர் ஆகிய பகுதிகளின் பழைய வீடுகளிலும், ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதி, உத்திர வீதி வீடுகளிலும் செந்நிறச் சிமெண்டுத் தரையைக் காணலாம். காவித்தரை என்றும் ரெட் ஆக்சைடு தரை என்றும் சொல்வார்கள். நன்னிமார்களின் காலடி பட்டுப் பட்டு அது கண்ணாடிபோல மின்னும். அதன் நிறம் இரும்பு ஆக்சைடு. ஓட்டில் இருப்பதும் அதுவே. இம்மாவட்டத்தில் டால்மியாபுரத்துச் சிமெண்டு ஆலை 1939இல் தொடங்கியது என்பதால் சிமெண்டு இப்பகுதிக்கு அன்னியப் பொருளன்று. நல்ல கொத்தனார் அமைந்தால் இன்றும் குறைந்த செலவில் போடத்தக்க தரை இது.

ஆனால் மூன்று கவனங்கள் வேண்டும். நிறத்தூள் அதிகமானால் அழகு கூடும் என்று அள்ளிப் போடக்கூடாது. சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் தரையின் வலிமை குறையும். தரை போட்டபின் குறைந்தது ஏழு நாட்களாவது ஈரம் காயாமல் காக்கவேண்டும். மேலும், ஒரே பரப்பாக இழுத்துவிடாமல் இடையிடையே பட்டை வைத்துக் கட்டங்களாகப் பிரித்துப் போட்டால் வெடிப்பு குறையும்.

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியின் கற்களும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. கண்ணாடிப் பலகையின் மீது அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். இதற்குச் சூளை இல்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லுக்கும் வந்துவிடுகிறது. இரும்பு ஆக்சைடு தரும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறங்கள் வெயிலில் நிலைக்கும். நீலமும் பச்சையும் கேட்கும்போதுதான் எந்த நிறத்தூள் என்று விசாரிக்கவேண்டும். மலிவான சாயங்கள் அந்நிறங்களில்தான் அதிகம் நுழைகின்றன.

வெளுத்தது வெயிலாலா?

"தரை வெளுத்துவிட்டது" என்று வரும் புகார்களில் வெயிலின் மீது சுமத்தப்படும் பழி பல நேரங்களில் அநியாயமானது. அடுப்படியில் வெயிலைவிடப் பெரிய பகை புளிப்பு. புளி, எலுமிச்சை, தயிர், வினிகர் ஆகியவை சுண்ணாம்பு கலந்த எந்தப் பொருளையும் அரிக்கும். சலவைக்கல்லும் கடப்பாக்கல்லும் கோட்டாக்கல்லும் சுண்ணாம்பு வகையைச் சேர்ந்தவை. சிமெண்டுத் தரையும் ஆத்தங்குடிக் கல்லும் அவ்வாறே. கறுத்து மின்னிய கடப்பாக்கல் அடுப்புமேடை, சில ஆண்டுகளில் சாம்பல் நிறமாவதைப் பார்த்திருப்பீர்கள். அது வெளுப்பன்று, அரிப்பு. கழுவுவதற்கென்று ஆசிட்டை ஊற்றினால் சில ஆண்டுகளில் நடப்பது ஒரே நாளில் நடந்துவிடும். அந்த ஆசிட்டைப் பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். எழும் குளோரின் வாயு மூச்சுக்கு நஞ்சு.

இரண்டாவது, உப்புப் பூத்தல். காவித்தரையில் வெண்மை படர்ந்தால், சிமெண்டிலுள்ள சுண்ணாம்பு ஈரத்தோடு மேலேறிப் படிந்திருக்கிறது என்று பொருள். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. மண்ணின் ஈரம் மேலேறும் வீடுகளில், தரையின் அடித்தளத்தில் கனமான பாலித்தீன் விரிப்பை இடுவது போன்ற ஈரத்தடுப்பைச் செய்யாமல் எந்த விலையுயர்ந்த தரையைப் போட்டாலும் பயனில்லை.

எதை வாங்குவது?

கிரானைட் எரிமலைக் குழம்பைப்போல் உருகிய பாறை பூமிக்குள் இறுகிய கல். வெயிலும் புளிப்பும் அதை எளிதில் தொடுவதில்லை. ஸ்ரீரங்கம் கோயிலின் பிரகாரங்களில் பல தலைமுறைக் கால்கள் கல்லைத் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கின்றன. வெயில் அதை வெளுக்கவைக்கவில்லை. ஆனால் கறுப்புக் கிரானைட்டில் சிலவற்றுக்குக் கடைகளில் சாயமேற்றி விற்பதுண்டு. அது வெயிலில் நிறம் மாறும்.

விட்ரிஃபைட் டைல்ஸ் ஏறத்தாழ 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டெடுக்கப்படுவது. நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்தைத் தாண்டாது. ஆகவே மஞ்சளும் எண்ணெயும் உள்ளே இறங்குவதில்லை, புளிப்பும் அரிப்பதில்லை. மேலே அச்சிட்ட வண்ணமும் நெருப்பில் சுடப்பட்டதாதலால் வெயிலில் வெளுக்காது. ஆனால் அம்மியும் கிரைண்டரும் இழுபடும் இடத்தில் மேற்பூச்சு தேயும். உடல் முழுவதும் ஒரே நிறமாயுள்ள 'ஃபுல் பாடி' வகையில் தேய்ந்தாலும் தெரியாது.

பிளாஸ்டிக் வினைல் விரிப்பு விலையில் மலிவு. வெயில் விழும் இடத்தில் மஞ்சளடிக்கும். ரப்பர் அடியுள்ள மிதியடியை அதன்மேல் போட்டாலும் கறை பிடிக்கும். பிசின் சேர்த்துச் செய்யும் செயற்கைக் குவார்ட்ஸ் கல்லும் நேரடி வெயிலுக்கு உகந்ததன்று. டைல்ஸ் இடுக்கை அடைக்கும் எபாக்சி வெள்ளையும் வெயிலில் மஞ்சளாகலாம். சாம்பல் அல்லது தவிட்டு நிறத்தைக் கேளுங்கள்.

பதிக்கும்போது டைல்ஸ்களை நெருக்கி முட்டவைக்க விடாதீர்கள். வெயில் பட்ட பகுதி சூடேறி விரியும். இடமில்லாவிட்டால் வில்போல மேலே தூக்கிக்கொள்ளும். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி அவசியம்.

எங்கள் பரிந்துரை இதுதான். அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள பகுதிக்குச் சொரசொரப்பான விட்ரிஃபைட் டைல்ஸ் அல்லது பளபளப்பேற்றாத கிரானைட் ஏற்றது. அதை ஒட்டி, சஹன் விரித்து அமர்ந்து உண்ணும் பகுதிக்குக் காவித்தரையோ ஆத்தங்குடிக் கல்லோ பொருந்தும். நிறம் மிகக் கறுப்பாக வேண்டாம். வெயில் விழும் இடம் சித்திரை மாதத்தில் காலைச் சுடும்.

வாங்குமுன் செய்யும் சோதனைகள்

கடையில் இரண்டு மாதிரித் துண்டுகள் கேட்டு வாங்குங்கள். ஒன்றின் பாதியைத் தகரத்தால் மூடி ஒரு மாதம் மொட்டை மாடியில் கிடத்துங்கள். மூடிய பாதியும் திறந்த பாதியும் ஒன்றுபோல இருந்தால் வெயிலுக்கு அது தேறியது. இன்னொன்றின் மீது பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்துக் கால்மணி நேரம் வையுங்கள். மங்கிய வட்டம் விழுந்தால் அடுப்பருகே அது ஆகாது. மஞ்சள் கலந்த எண்ணெயை ஓரிரவு விட்டுக் காலையில் சோப்பால் துடைத்துப் பாருங்கள். கறுப்புக் கிரானைட் என்றால் நகப்பூச்சை அழிக்கும் திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேயுங்கள். துணி கறுத்தால் சாயமேற்றிய கல்.

கடைசிச் சோதனை எல்லாவற்றிலும் முக்கியமானது. துண்டைத் தரையில் அசையாமல் வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலை அதன்மீது வைத்து அழுத்துங்கள். கால் நழுவினால் எவ்வளவு அழகானதாயினும் வேண்டாம். கடைகளில் வழுக்காத் தன்மைக்கு ஆர்9, ஆர்10 என்று குறியீடு சொல்வார்கள். எண் கூடக் கூடப் பிடிப்பு கூடும். அடுப்படிக்கு ஆர்10 கேளுங்கள்.

நோன்பு மாதத்து ஸஹர் நேரத்தை எண்ணிப் பாருங்கள். பின்னிரவு, அரைத்தூக்கம், கையில் கொதிக்கும் ஆணம், காலடியில் சிந்திய தண்ணீர். முதிய வயதில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பழையபடி எழுந்து நடமாடப் பலருக்கு வாய்ப்பதில்லை. கருவுற்ற பெண் விழுந்தால் ஆபத்து இருவருக்கு. நிறம் மங்கிய தரையோடு வாழ்ந்துவிடலாம். வழுக்கும் தரையோடு வாழ முடியாது.

ஆகவே, சகோதரர்களே, டைல்ஸ் கடைக்குத் தனியாகப் போகாதீர்கள். அந்தத் தரையில் நிற்கப்போகிறவரையும், அதில் நடமாடும் மூத்தவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் மிதித்துப் பார்த்துச் "சரி" என்று சொன்ன பிறகு விலை பேசுங்கள்.