பெட்டி அடிக்கத் தெரிந்தால் போதாது

ஓசூர் அளவெடுத்துப் பிழைக்கும் ஊர். 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்துதான் சாலைக்கு வந்தது. அதே காலத்தில் அசோக் லேலண்ட் வந்தது. பிறகு டைட்டன் கைக்கடிகாரம். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடித்துப் பழகிய கைகள் சிப்காட் பகுதியில் தெருவுக்குத் தெரு உண்டு. அப்படிப்பட்ட கைகூட, வீட்டுக்கு ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கர் செய்யலாம் என்று இறங்கினால் பெட்டியை ஆசாரியின் கண்மதிப்புக்கு விட்டுவிட்டு, இருக்கிற பணத்தையெல்லாம் ஊஃபரில் போடுகிறது. கணக்கு இங்கேதான் தலைகீழாகிறது. நடுத்தர விலையில் வரும் ஊஃபரும் ட்வீட்டரும் இன்று போதுமான அளவுக்கு நல்லவை. இவற்றை விற்கும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கு ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான், சாமான் கிடைப்பதும் கஷ்டமில்லை. ஸ்பீக்கர் தேறுவதும் தேறாததும் அதற்குப் பிந்திய அளவு வேலையில் இருக்கிறது.

ஊஃபரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் அதே அளவு இழுக்கிறது. பெட்டி இல்லையென்றால் தாழ்ந்த ஒலியில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங் போல. பெட்டியில் திறந்திருக்கும் போர்ட் குழாயில் நிற்கும் காற்று அந்த ஸ்பிரிங்கில் தொங்கும் எடை போல. ஸ்பிரிங்கும் எடையும் சேர்ந்தால் ஆடுவதற்கென்று ஒரு தனி வேகம் வந்துவிடுகிறது. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-ல் இதைக் கணக்காக எழுதினார். சிட்னியில் ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் அதை விரித்தார். ஊஃபரோடு வரும் தாளில் இருக்கும் எண்கள் இவர்கள் பெயரில்தான் வழங்குகின்றன. வின்-ஐ.எஸ்.டி. போன்ற இலவச மென்பொருளில் அவற்றைப் போட்டால் பெட்டியின் கொள்ளளவும் குழாயின் நீளமும் வந்துவிடும்.

அந்த எண் பெட்டியாகும்போதுதான் சிக்கல். 20 செ.மீ. அகலம், 24 செ.மீ. ஆழம், 95 செ.மீ. உயரம் என்று வெளி அளவைப் பெருக்கினால் 45 லிட்டருக்கு மேல் வரும். 18 மி.மீ. பலகையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உள்ளே 30 லிட்டர்தான். அதை 40 ஹெர்ட்ஸுக்கு அமைக்க, பிளம்பிங் கடையில் கிடைக்கும் 75 மி.மீ. பி.வி.சி. குழாயில் உள்விட்டம் 70 மி.மீ. என்று கொண்டால் சுமார் 19 செ.மீ. வேண்டும். 40 ஹெர்ட்ஸ் என்பது பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி ஒலிக்கும் இடம். இளையராஜா பாடல்களில் மெட்டுக்கு அடியில் தனிவழி நடக்கும் அந்தக் கிட்டார் கால் ஊன்றும் தரை. 'பத்து சென்டிமீட்டர் போதும்' என்று வெட்டிவிட்டால் அது 50 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும்.

ஏறினால் என்ன, பேஸ் தூக்கலாக இருந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். நம் வீட்டு அறையைக் கவனிக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. பன்னிரண்டடி நீளம் 47 ஹெர்ட்ஸிலும், பத்தடி அகலம் 56 ஹெர்ட்ஸிலும் தானே முழங்கும். கூரை உயரமும் பத்தடி என்பதால் அகலமும் உயரமும் ஒரே இடத்தில் சேர்ந்து இரைகின்றன. இதற்கு நடுவில் 50 ஹெர்ட்ஸில் ஊதும் குழாயையும் வைத்தால் கேட்பது பாட்டல்ல, அறை. பத்து அங்குல ஊஃபரை விட ஆறரை அங்குலம் பல வீடுகளுக்குப் பொருந்துவது இதனால்தான். டவரின் உயரமும் ஒன்றைக் கூட்டுகிறது: உள்ளே 91 செ.மீ. நீளக் காற்றுத்தூண் 188 ஹெர்ட்ஸ் பக்கம் குழாய் போல ஒலிக்கும். தலையணைக்கு வைக்கும் ரெக்ரான் பஞ்சு அதை அடக்கிவிடும், கிட்டத்தட்டச் செலவே இல்லாமல்.

தாழ்ந்த ஒலியை ஊஃபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்துவிடும் கிராஸ்ஓவரைச் சுவர் என்று நினைப்பது பொதுவான தவறு. அது ஓசூர் எல்லை போன்றது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்துதான் பேசப்படும். ஊஃபரும் ட்வீட்டரும் 2,500 ஹெர்ட்ஸ் சுற்றி ஒரே நேரத்தில் பேசுகின்றன, அதுவும் காது மிகக் கூர்மையாக இருக்கும் இடத்தில். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் பாடகரின் குரலில் ஒரு பள்ளம் விழும். கிராஸ்ஓவருக்கான காயிலை எனாமல் செம்புக் கம்பியில் மோட்டார் வைண்டிங் கடையிலேயே சுற்றிக்கொள்ளலாம். எத்தனை சுற்று என்று எண்ணினால் மட்டும் போதாது, மீட்டரில் பார்த்து இரண்டு காயிலையும் ஒரே மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

காதுதானே கடைசி நீதிபதி என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் காதுக்குச் சமாதானமாகிப்போகும் குணம் உண்டு. ஒரு வாரம் கேட்டால் குறையே ராகமாகிவிடும். நிறுவனங்களிடம் எதிரொலியற்ற அறை இருக்கிறது, நம்மிடம் என்ன என்றால், மொட்டை மாடி இருக்கிறது. ஸ்பீக்கரையும் மைக்கையும் ஒன்றரை மீட்டர் உயரத்தில், ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தால் தரையில் பட்டு வரும் ஒலி சுமார் 6 மில்லிசெகண்ட் பிந்தித்தான் வரும். அதற்குள் வந்ததை மட்டும் கணக்கில் எடுக்க இலவச மென்பொருளுக்குத் தெரியும். இப்படி 160 ஹெர்ட்ஸுக்கு மேலே நம்பலாம். அதற்குக் கீழே மைக்கைக் கூம்போடு ஒட்டி வைத்து எடுக்கும் முறையை 1974-ல் டி.பி. கீல் விளக்கியிருக்கிறார். அளந்து திருத்திய பிறகு காது தீர்ப்புச் சொல்லட்டும்.

செலவு மிச்சமாகாதே என்ற ஆட்சேபத்துக்கு மறுப்பு இல்லை. பலகை, மைக், வீணாகும் கண்டென்சர் எல்லாம் சேர்த்தால் முதல் ஜோடி கடை விலைக்குக் குறையாது. இரண்டாவதிலிருந்து மைக்குக்குச் செலவில்லை, அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரியில் கிரானைட் மலிவு, பெட்டியையே கல்லில் செய்தால் என்ன என்றும் தோன்றும். இரண்டு செ.மீ. பலகை ஒரு சதுர மீட்டருக்கு ஐம்பது கிலோவுக்கு மேல். வெட்டுவது ஒரு பாடு, தட்டினால் மணி போல ஒலிப்பது இன்னொரு பாடு. குறுகிய டவர் குழந்தை கைபட்டால் சாயும் என்பது மட்டும் நிஜம். அதற்கு பாலிஷ் பட்டறையில் கழித்துப் போட்ட துண்டு, 30-க்கு 40 செ.மீ., ஆறரைக் கிலோ, அடியில் இருந்தால் போதும்.