மாற்று இஞ்சினும் அதனை ஆளும் மின்னணுப் பெட்டியும்

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லவும், விதையும் உரமும் வாங்கிவரவும் நிலச்சுவான்தார்களிற் பலர் சொந்தமாக மோட்டார் வண்டி வைத்திருக்கின்றனர். வண்டியின் கூடு நல்ல நிலைமையிலிருக்க, இஞ்சின் மாத்திரம் கெட்டுப்போவதுண்டு. அப்பொழுது, விபத்துக்குள்ளான வேறொரு வண்டியினின்று கழற்றிய இஞ்சினை வாங்கிப் பொருத்துவது சிக்கனமான முறையே. ஆயினும், இஞ்சினை ஆளும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கவனியாது வாங்கினால், கொடுத்த பணம் வீணாக நேரிடும். பட்டறைக்காரர் இப்பெட்டியை ஈ.சி.எம். என்பர்.

வேற்றுமைக்குக் காரணம்

பழைய டீசல் இஞ்சின்களில் எண்ணெயின் அளவையும் தருணத்தையும் பம்பும் கவர்னரும் தாமே நிர்ணயித்தன. அவற்றை வேறு வண்டியிற் பொருத்த, தாங்கிகளும் கியர்ப் பெட்டியும் ஒத்திருந்தாலே பெரும்பாலும் போதுமானதாயிருந்தது. காமன் ரெயில் இஞ்சினிலோ, ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கும் டீசலை எந்தக் கணத்தில், எவ்வளவு செலுத்துவது என்பதை ஈ.சி.எம். தீர்மானிக்கிறது. கிராங்க் தண்டிலுள்ள பல் சக்கரத்தைச் சென்சார் படித்து, பிஸ்டன் இருக்குமிடத்தை அதற்கு அறிவிக்கிறது. பல் எண்ணிக்கை மாறினால் பெட்டி ஒன்றும் அறியாது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1997இல் வெளியிட்ட எல்.எஸ். வகுப்புப் பெட்ரோல் இஞ்சின்களில் முதலில் 24 பல் முறையும், பிற்காலத்தவற்றில் 58 பல் முறையும் அமைந்தன. வெளித்தோற்றத்தில் ஒத்திருப்பினும், ஒன்றின் பெட்டி மற்றொன்றை அப்படியே இயக்காது.

நம் நாட்டு உதாரணம்

பியட் கம்பெனியார் வகுத்த 1,248 கன சென்டிமீட்டர் டீசல் இஞ்சின் மாருதி, டாட்டா, பியட் ஆகிய மூன்று கம்பெனியாரின் கார்களிலும் வந்தது. ஸ்விப்ட் காரில் இது சுமார் 75 குதிரைச் சக்தியும், எஸ்.எக்ஸ்.4 காரில் 90 குதிரைச் சக்தியும் தந்தது. பின்னதன் டர்போவிலுள்ள இதழ்களை ஈ.சி.எம். கட்டளையிட்டுத் திருப்ப வேண்டும். முன்னதன் டர்போவில் அவ்விதழ்கள் இல்லை. ஆதலால் 90 குதிரைச் சக்தி இஞ்சினை 75க்குரிய பெட்டியுடன் இணைத்தால் மிகுந்த சக்தி கிடைப்பதற்குப் பதிலாக, இழுவை குறைவும் கரும்புகையுமே பலனாகும்.

இதுவன்றிச் சாவியினுள் இருக்கும் சிப்பும் ஈ.சி.எம்.மும் ஒன்றையொன்று அறிந்தாலன்றி இஞ்சின் ஓடாது. திருட்டைத் தடுக்க ஏற்பட்ட இவ்வமைப்பு இம்மொபிலைசர் எனப்படும். மேலும் வேகமானி, பிரேக்கின் ஏ.பி.எஸ்., மின்சார ஸ்டியரிங் ஆகியவை ஈ.சி.எம்.முடன் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. வேற்று வண்டியின் பெட்டியை வைத்தால் ஸ்டியரிங் உதவி நின்றுபோகவும் கூடும். இது உயிருக்கே ஆபத்தாகும்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. தம் வண்டியின் அதே மாடல், அதே சக்தி, அதே பாரத் ஸ்டேஜ் தரமுள்ள இஞ்சினைத் தேடுதல் எல்லாவற்றிலும் சிலாக்கியமானது. அப்போது தம் வண்டியின் ஈ.சி.எம்., வயரிங், சாவி மூன்றையும் மாற்ற வேண்டியதில்லை. சென்சார்களின் பிளக்குகளும் பல் சக்கரமும் ஒத்திருக்கின்றனவா என்று மாத்திரம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. வேறு வகை இஞ்சினே கிடைக்குமாயின், அதன் ஈ.சி.எம்., வயரிங், சாவி, இம்மொபிலைசர், ஆக்சிலரேட்டர் பெடல் ஆகியவற்றை ஒரே வண்டியினின்று ஒரு தொகுதியாக வாங்குக. வயர்களை அறுக்காமல் பிளக்கோடு கழற்றச் செய்க. தம் வண்டியின் ஏ.பி.எஸ்., ஸ்டியரிங் ஆகியவற்றுடன் அப்பெட்டியை இசைவிக்கத்தக்க நிபுணர் கிடைத்தாலன்றி இதில் இறங்கலாகாது.

3. பெட்டியின் மேலுள்ள எண்ணைக் குறித்துக்கொள்க. பல இஞ்சின்களில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குறியீடு பொறித்திருக்கும். இன்ஜெக்டர் மாறினால் புதிய குறியீட்டை ஈ.சி.எம்.மில் பதியவேண்டும்.

4. பொருத்தியபின், டாஷ்போர்டின் கீழுள்ள 16 முள் துவாரத்தில் ஸ்கேனரை இணைத்துப் பிழைக்குறி ஒன்றுமில்லையென்று கண்டபிறகே பட்டறைக்கு முழுத் தொகையையும் செலுத்துக.

சட்ட விதி

இஞ்சின் எண் பதிவுச் சான்றிதழில் காணப்படுவது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாறுதல்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆகையால், வட்டாரப் போக்குவரத்து அலுவலரின் அனுமதியை முன்னதாகவே பெற்று, புதிய எண்ணைப் பதிவுசெய்தல் வேண்டும். விற்றவரின் ரசீதில் இஞ்சின் எண் எழுதப்பட்டிருத்தல் அவசியம். எண் சுரண்டப்பட்ட இஞ்சின் எவ்வளவு மலிவாயினும் வாங்கத்தக்கதன்று. அது களவுப் பொருளாயிருக்கலாம். இவ்விஷயத்தைக் கிராம அதிகாரிகள் குடிகளுக்கு எடுத்துரைப்பது நலம்.

டிராக்டர்களிலும் காமன் ரெயில் அமைப்பு பரவிவருகிறது. ஆதலால் உழவு இயந்திரத்துக்கு மாற்று இஞ்சின் தேடுவோரும் இம்முறைகளையே கைக்கொள்வாராக. இஞ்சினின் விலையை மாத்திரம் விசாரியாமல், அதனுடன் எந்தப் பெட்டி வருகிறதென்று முதலில் கேட்பவர் நஷ்டத்துக்கு ஆளாகார்.