‘என்னல இப்படிக் கறுத்துட்ட?’ - சொல் தரும் காயத்தை அளக்க முடியுமா?

‘என்னல இப்படிக் கறுத்துட்ட?’, ‘என்னக்கா, வெயிட் போட்டுட்டீயளே!’ தூத்துக்குடியில் கல்யாண வீட்டிலோ துறைமுகத்துப் பக்கத்து அலுவலகத்திலோ இதெல்லாம் சாதாரணப் பேச்சு. சொன்னவர் அடுத்த நிமிடமே மறந்துவிடுவார். கேட்டவர் மறப்பாரா? இதற்குத்தான் உளவியல் ஆய்வாளர்கள் எண்களில் விடை தேடுகிறார்கள்.

அன்று என்ன அளந்தார்கள்?

உடம்பை அளப்பது இங்கே புதிதல்ல. மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பு பற்றி 1890-ல் நூல் வெளியிட்டவர், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். பின்னாளில் இவரே தென்னிந்திய மக்களின் தலையையும் மூக்கையும் சாதிவாரியாகக் கருவி வைத்து அளந்தார். அந்த உடம்போடு வாழ்பவர் அதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதற்கு அந்தக் கருவியில் இடமில்லை.

இன்று எப்படி அளக்கிறார்கள்?

இப்போது கருவி, கேள்வித்தாள்தான். 1995-ல் வெளியான கேலி அளவுகோல், வளரும் வயதில் சந்தித்த கேலிகளைப் பற்றி இரண்டிரண்டு கேள்வி கேட்கிறது: எத்தனை முறை நடந்தது? எவ்வளவு வருத்தியது? பத்து முறை கேட்டும் உதறிவிட்டுப் போகிறவர் உண்டு. ஒரே ஒரு சொல்லை இருபது வருஷம் சுமப்பவரும் உண்டு. அதனால்தான் இரண்டு கேள்விகள்.

2015-ல் வந்த உடல் மதிப்புணர்வு அளவுகோலில் 10 வாக்கியங்கள். ‘என் உடலை மதிக்கிறேன்’ என்ற ரீதியிலான அவற்றுக்கு, ‘ஒருபோதும் இல்லை’ (1) முதல் ‘எப்போதும்’ (5) வரை மதிப்பெண் போட வேண்டும். கேலி மதிப்பெண் கூடியவர்களுக்கு இந்த மதிப்பெண் குறைகிறதா என்று பார்ப்பார்கள். ஒரே ஒரு சர்வேயை வைத்து, கேலிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு அதே ஆட்களைப் பல வருடங்கள் தொடர வேண்டும்.

தோற்றமா, திறனா?

2017-ல் வந்த 7 வாக்கிய அளவுகோல் ஒன்று, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. அது செய்து தரும் வேலைகளை மதிக்கிறீர்களா என்று கேட்கிறது. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை என்றாலும் சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள். கடலுக்குள் மூச்சுக்குத்தான் மதிப்பு. கரையேறினால், வெயிலில் கறுத்த தோலுக்கு ஊர் வேறு மார்க் போடுகிறது.

நமக்குப் பொருந்துமா?

65 நாடுகளில் 56,968 பேரிடம் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. தன் உடலை மதிப்பவர்களுக்கு வாழ்க்கையிலும் நிறைவு கூடுதலாக இருந்தது. ஆனால், எடையை மட்டும் கேட்கும் கேள்வித்தாள் நம்ம ஊருக்குப் போதாது. 1975-ல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ அறிமுகமான நாடு இது. பெயரிலிருந்து ‘ஃபேர்’ போனது 2020-ல்தான். நிறம், வரன் பார்க்கும்போது வரும் பேச்சு ஆகியவற்றைக் கேட்காத அளவுகோலை அப்படியே தமிழாக்கினால், இங்குள்ள முக்கியமான காயம் கணக்கிலேயே வராது.

‘சும்மா ஜாலிக்குச் சொன்னேன்’ என்பது எத்தனை முறை சொன்னோம் என்பதற்கே பதில் ஆகாது. எவ்வளவு வலித்தது என்பதைக் கேட்டவர்தான் சொல்ல முடியும். அந்த வலி சாப்பாட்டையும் தூக்கத்தையும் கெடுத்தால், 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் இலவசமாகப் பேசலாம்.