அப்பா எழுதிய உயிலின் பிரதியை எங்கே கேட்பது?



நமது காரியாலயத்திற்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சேமலாப நிதி, பிறப்புப் பதிவு, அடையாள அட்டை ஆகிய மூன்றைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். இப்போது நான்காவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. "அப்பா உயில் எழுதி வச்சிருக்காராம், அத நாங்க எப்பிடிப் பாக்கிறது?" என்பதே அது. நம்மவர்கள் சேமலாப நிதிப் பணத்தைக் கொண்டு தோட்டத்துக்கு வெளியே பத்துப் பேர்ச், பதினைந்து பேர்ச் என்று காணி வாங்கத் தொடங்கிய பிறகு வந்த கேள்வி இது.

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் ஒரு பெண் எங்களிடம் வந்தார். தகப்பனார் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் வாங்கிய காணியில் கட்டிய வீட்டில் அண்ணன் குடும்பம் இருக்கிறது. தாயார் மகளோடு லயத்துக் காம்பராவில். "எல்லாம் தனக்குத்தான்னு அண்ணன் சொல்றாரு சேர். பத்திரத்தக் கேட்டா காட்ட மாட்டேங்கிறாரு" என்றார்.

முதலில் நாங்கள் ஒரு பிழை செய்தோம். சரியாக விசாரிக்காமல், "கண்டிக்குப் போய்க் கேளுங்கள்" என்று ஓர் அலுவலகத்தின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டோம். மரணச் சான்றிதழ் இல்லாமல் போனதால் ஒருமுறை திரும்பி வந்தார். அடுத்த முறை, அது அந்த அலுவலகத்து வேலையே அல்ல என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு நாள் பேர் போய்விட்டது, பஸ் காசு வேறு. அதற்குப் பிறகுதான் விஷயத்தை ஒழுங்காகத் தெரிந்து கொண்டோம்.

உயில் எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்தால், அதை எங்கே தேடுவது என்பதும் விளங்கிவிடும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நம் நாட்டில் உயிலை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு. மற்றது, நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளோடு. எந்த விதமானாலும் சாட்சிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். ஐந்து சாட்சி வைத்து எழுதியதற்கு வேறெங்கும் பிரதி இருக்காது. பெட்டியையும் அலுமாரியையும் சாமிப் படத்தின் பின்பக்கத்தையும்தான் தேட வேண்டும், சாட்சி போட்டவர்களைக் கேட்க வேண்டும். நொத்தாரிசு எழுதியதென்றால் அவரிடம் ஒரு பிரதி கட்டாயம் இருக்கும். மூலப் பிரதி அண்ணன் கையிலிருந்தாலும், தொலைந்தே போனாலும், அந்தப் பிரதி அங்கேதான் கிடக்கும்.

எந்த நொத்தாரிசு என்று தெரியாதே என்பீர்கள். இந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. ஆனால் தாயாரிடம் காணி உறுதியின் போட்டோ பிரதி ஒன்று இருந்தது. ஒவ்வொரு உறுதியின் கடைசியிலும் அதை எழுதிய நொத்தாரிசின் பெயர், ஊர், உறுதி இலக்கம், திகதி எல்லாம் இருக்கும். நம்மவர்கள் காணி எழுதிய இடத்திலேயே உயிலையும் எழுதுவது வழக்கம். அந்தப் பெயரை வைத்துக் கண்டி டவுனில் தேடிப் பிடித்தோம். நொத்தாரிசு உயிரோடு இருந்தார், தொழிலும் செய்து கொண்டிருந்தார். அவர் காலமாகியிருந்தால் அல்லது தொழிலை விட்டிருந்தால் அவருடைய பிரதிகள் காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும்; அங்கே கேட்க வேண்டியிருந்திருக்கும்.

அப்பா உயிரோடிருக்கும்போது அவருடைய உயிலைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு உரிமை கிடையாது. இறந்த பிறகும் நொத்தாரிசு யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார். மரணச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றையும் கொண்டு போங்கள். நம்மிடத்தில் இன்னொரு தொல்லை உண்டு. அப்பாவின் பெயர் செக்ரோலில் ஒருவிதமாகவும் பிள்ளையின் பிறப்புப் பதிவில் வேறுவிதமாகவும் இருக்கும். போகுமுன்பே இதைப் பாருங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக் கடதாசி தேவைப்படலாம்.

மூன்றாவது இடம் மாவட்ட நீதிமன்றம். ஒருவர் இறந்தபின் அவருடைய உயிலை வைத்திருப்பவர் அதை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை சொல்கிறது. "என் கையில இருக்கு, காட்ட மாட்டேன்" என்பது சட்டத்தில் செல்லாத பேச்சு. மரணசாசன வழக்கு ஏற்கெனவே போட்டிருந்தால் உயில் அந்த வழக்குக் கோவையில் இருக்கும். வழக்கு இலக்கம் தெரிந்தால் கட்டணம் கட்டி அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். உங்கள் தோட்டம் கண்டிக்குச் சேர்ந்ததா, கம்பளைக்குச் சேர்ந்ததா என்று முதலில் கேட்டுக் கொள்ளுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். பார்க்க உரிமையுள்ள அரச பதிவேட்டின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழில் பெற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடம் தருகிறது. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இனி அந்தப் பெண்ணின் கதைக்கு வருவோம். பிரதி கிடைத்தது, சிங்களத்தில் இருந்தது. மொழிபெயர்த்து வாசித்தோம். அண்ணன் சொன்னது பொய்யில்லை. காணியும் வீடும் அவருக்கே எழுதப்பட்டிருந்தன. 1844ஆம் ஆண்டின் மரணசாசனச் சட்டப்படி ஒருவர் தன் சொத்தைத் தான் விரும்பியவருக்கு எழுதி வைக்கலாம். மகள் என்பதற்காக ஒரு பங்கு கட்டாயமில்லை. ஆனால் அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. தாயாருக்கு அவர் சாகும்வரை அந்த வீட்டில் சீவிய உரித்து. அண்ணனுக்கும் சிங்களம் வாசிக்கத் தெரியாது. "உனக்குத்தான்டா" என்று அப்பா சொன்னதை மட்டும் அவர் பிடித்துக் கொண்டிருந்தார். பஸ்ஸில் பேராதனை வரைக்கும் அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப அம்மாவ இனி லயத்துல வச்சிருக்கத் தேவையில்லையா சேர்?" என்று கேட்டார். தாயார் இப்போது மகன் வீட்டு முன் அறையில் இருக்கிறார். அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை இன்னும் சரியில்லை.

உயிலே இல்லை என்று தெரிய வந்தால் என்ன? "கண்டியில இருக்கோம், கண்டியச் சட்டந்தான்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது கண்டியச் சிங்களவருக்கான சட்டம். தேசவழமை யாழ்ப்பாணத்துத் தமிழர்களுக்கு உரியது. மலையகத் தமிழருக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம்தான். சொத்தில் பாதி கணவனுக்கு அல்லது மனைவிக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண் பெண் பேதம் இல்லை. முஸ்லிம் குடும்பங்களுக்கு அவர்களுடைய சட்டம் வேறு.

சில சொத்துக்களுக்கு உயில் உதவாது. லயத்துக் காம்பரா நம்முடைய சொத்தல்ல, ஆகவே அதை எழுதி வைக்க முடியாது. சேமலாப நிதிக்கு அப்பா படிவத்தில் யாரைப் பின்னுரித்தாளியாகப் போட்டிருக்கிறார் என்பதைத்தான் பார்ப்பார்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணியும் அப்படியே, பின்னுரித்தாளியைப் பதிந்திருக்க வேண்டும்.

பிரதி கிடைத்தவுடன் காணி கைக்கு வந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். வழக்குக்கு மூலப் பிரதியைத்தான் கேட்பார்கள், இல்லையென்றால் ஏன் இல்லை என்று காரணம் காட்ட வேண்டும். அதற்குச் சட்டத்தரணி தேவை. வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. கண்டியிலும் அதற்கு அலுவலகம் உண்டு.

எங்களிடம் வருவதானால் மரணச் சான்றிதழையும், வீட்டில் கிடக்கும் பழைய உறுதி எதுவானாலும் அதையும் கையோடு கொண்டு வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கடைசிப் பக்கம் இருந்தால் போதும்.