எய்ட்சு நோயும் திருச்சபைகளும்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986ஆம் ஆண்டு சென்னையில் எடுக்கப்பட்ட இரத்த மாதிரிகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அம்மாதிரிகள் சோதிக்கப்பட்ட இடம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. மருத்துவப் பணியில் கிறித்தவ நிறுவனங்கள் தொடக்கத்திலேயே இருந்தன. வழிபாட்டுச் சபைகளின் பணி வேறு வகையானது.

நாமகிரிப்பேட்டை, இராசிபுரம் ஆகிய ஊர்கள் அடங்கிய நாமக்கல் மாவட்டம் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் தொற்று மிகுதியாகக் காணப்பட்ட மாவட்டங்களுள் இதுவும் ஒன்று. கணவன் வழியாகத் தொற்றுப் பெற்ற மனைவியையும் 'ஒழுக்கம் கெட்டதன் பலன்' என்ற பேச்சு விட்டுவைப்பதில்லை. பிரசங்கத்தில் அப்பேச்சு ஒலித்தால், சோதனைக்குச் செல்ல நினைப்பவரும் பின்வாங்குவார்.

உகாண்டாவின் ஆங்கிலிக்கன் குரு கிதியோன் பியாமுகிஷா, தமக்குத் தொற்று இருப்பதை 1992இல் வெளிப்படையாக அறிவித்தார். எல்லோராலும் அது இயலாது. எனவே, போதகர் காக்கும் இரகசியம் முக்கியமாகிறது. நம்பிச் சொன்னவரின் பெயரைக் கூட்டு மன்றாட்டில் வாசித்துவிடுவது நல்லெண்ணத்தாலும் நேரலாம். ஆனால் நம்பிக்கையின் பேரில் அறிந்த தொற்று நிலையை அவரது ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

செபத்தால் குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தச் சொல்வது இன்னும் ஆபத்தானது. கூட்டு மருந்து உடலில் கிருமியை அடக்கி வைக்கிறதே தவிர, அறவே அகற்றுவதில்லை; நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இம்மருந்து இலவசம். மாதந்தோறும் மருந்து வாங்கப் பேருந்துக் கட்டணம் இல்லாத கைம்பெண்ணுக்குச் சபையின் காணிக்கைப் பெட்டி உதவலாம். திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் பருகுவதால் எச்.ஐ.வி. பரவாது.