பதினான்கு நாளில் பத்து விமானங்கள்

ஜவ்வாது மலைக்குப் பக்கத்தில் உள்ள கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப் பேட்டை' என்றே இன்னொரு பெயர். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர். இப்படித்தான் முதல் உலகப் போருக்கும் இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தார்கள். ஆனால், அந்தப் போரில் விமானம் ஓட்டிய இந்தியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிப்பாயாகச் சாக அனுமதி உண்டு. அதிகாரியாக வானில் ஏறத்தான் கதவு அடைத்திருந்தது. 1917-ல் விமானிகளுக்குப் பஞ்சம் வந்த பிறகே அது கொஞ்சம் திறந்தது.

அப்படி உள்ளே போனவர்களில் ஒருவர், கொல்கத்தாவில் பிறந்து லண்டனில் படித்த இந்திரலால் ராய். கண் பரிசோதனையில் தேறவில்லை. மோட்டார் சைக்கிளை விற்று, பெரிய கண் மருத்துவரிடம் காட்டி, அந்தத் தீர்ப்பை மாற்றினார் என்பார்கள். 1917 டிசம்பரில் விமானம் நொறுங்கியபோது, இறந்துவிட்டார் என்று பிணவறையில் போட்டுவிட, உள்ளேயிருந்து கதவைத் தட்டினார் என்றொரு கதையும் உண்டு. எல்லோரும் சொல்வது இதைத்தான். எனக்கென்னவோ அவருடைய எஸ்.இ.5ஏ விமானம்தான் பெரிய ஆச்சரியம்.

அதில் ஓர் ஆள்தான் உட்காரலாம். முன்னால் ஒரு விக்கர்ஸ் துப்பாக்கி. சுழலும் விசிறியின் இடைவெளி பார்த்துச் சுடும். மேல் இறக்கையில் இன்னொன்று, லூயிஸ். அதில் குண்டு தீர்ந்தால் வளைந்த தண்டவாளம் வழியே கீழே இழுத்து, கனமான தோட்டா வட்டைக் கழற்றி வேறொன்று மாட்ட வேண்டும். அதுவரை விமானத்தின் கட்டுப்பாட்டுத் தண்டு முழங்கால்களுக்கு நடுவில். எதிரி பின்னால் வந்தாலும் அப்படித்தான். பாராசூட்டும் கிடையாது.

1918 ஜூனில் ராய் பிரிட்டிஷ் விமானப்படையின் 40-வது படைப்பிரிவில் சேர்ந்தார். அதில் அவர் பறந்த குழுவின் தலைவர், அயர்லாந்துக்காரர் ஜார்ஜ் மெக்கெல்ராய். ஜூலை 6 முதல் 19 வரை ராய் கணக்கில் பத்து ஜெர்மன் விமானங்கள்; அதில் இரண்டு, சக விமானிகளோடு சேர்ந்து வீழ்த்தியவை. 8-ம் தேதி மட்டும் மூன்று. ஐந்தைத் தொட்டாலே 'ஏஸ்' என்று கொண்டாடிய காலம் அது. 22-ம் தேதி பிரான்சின் கார்வின் நகருக்கு மேலே ஃபோக்கர் விமானங்களுடன் மோதலில் கொல்லப்பட்டார். வயது 19. ஒன்பதே நாளில் மெக்கெல்ராயும் போனார்.

செப்டம்பரில் ராய்க்கு டி.எஃப்.சி. என்னும் பிரிட்டிஷ் வீரப் பதக்கம் அறிவித்தார்கள். அதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். போர் முடிந்ததும் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. இந்திய விமானப்படை என்று ஒன்று தொடங்க 1932 வரை ஆயிற்று.